மேட்டுக்காடு 5 ஏக்கர்: போர் போடுவதா, குட்டை வெட்டுவதா, கொறங்காடா, சோலார் குத்தகையா?

திருப்பூரிலோ கோவையிலோ வேலை. ஊரில், காங்கயம், மூலனூர், பல்லடம், க.பரமத்தி பக்கம் எங்கேயோ, அப்பா காலத்துக் காடு (மானாவாரி நிலத்தை நம் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) 5 ஏக்கர் கிடக்கிறது. கிணறு வற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. சோளத்தட்டு விதைத்தவர்களுக்கு வயதாகிவிட்டது. போர் போட்டுத் தென்னை வைக்கச் சொல்கிறார் மாமா. குட்டை வெட்டிச் சொட்டுநீர் போடலாம் என்கிறார் வேளாண்மை படித்த தம்பி. கொறங்காடாகவே, அதாவது உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமாகவே, விட்டு ஆடு ஓட்டலாம் என்பது பெரியவர்களின் யோசனை. இதற்கு நடுவில் சோலார் கம்பெனிக்கு நிலம் சேர்த்துக் கொடுக்கும் புரோக்கர் நோட்டோடு வந்து நிற்கிறார். இப்படி மாட்டிக்கொண்டு, எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

நான்கு யோசனையும் அதனதன் துறைக்குள் சரிதான். சிக்கல் துறைக்கும் துறைக்கும் நடுவில் இருக்கிறது. இதற்கு நம்மூரிலேயே பெரிய சான்று நொய்யல் ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது; அணைப் பொறியியல் கணக்கில் நியாயமான வேலை. அதே காலத்தில் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்தது. பொருளாதாரக் கணக்கில் அதுவும் நியாயம். ஆனால் மேலே சாயக்கழிவை ஆற்றில் விட, கீழே அணையில் அது தேங்கியது. தண்ணீர் கேட்டுக் காத்திருந்த விவசாயிகளே அதைத் திறந்துவிட வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் வேதியியல், சட்டம், விவசாயம், தொழில் எல்லாம் ஒரே மேசைக்கு வந்தன. அதற்குள் உப்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

2015-ல் ஐ.நா.வின் 193 நாடுகள் ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளிலும் இதே முடிச்சு உண்டு. தூய மின்சாரம் ஏழாவது இலக்கு, நிலத்து உயிர்கள் பதினைந்தாவது. தாளில் இரண்டும் நல்ல இலக்குகள். உங்கள் 5 ஏக்கரில் சோலார் தகடு வைத்தால் ஏழாவது நிறைவேறும், பதினைந்தாவது அடிபடும். உலகத்துக்குப் பேசுகிற அந்தக் கணக்கை ஒரு காட்டுக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

தண்ணீர்: இந்த யோசனை நிலத்தடி நீரை எடுக்கிறதா, திருப்பிக் கொடுக்கிறதா? நிலவியல் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது.

பணம்: முதல் செலவு எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வருடச் செலவு என்ன, யார் தலையில்?

ஆள்: தினமும் காட்டில் யார் நிற்பது? இதை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை நல்ல திட்டங்கள் கெட்டுப் போனது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான்.

அக்கம்பக்கம்: பக்கத்துக் காட்டுக்காரர், இட்டேரி (இரு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை), ஓடை, மேய்கிற மாடு, பறவை எல்லாவற்றுக்கும் இதனால் என்ன ஆகும்?

திரும்ப முடியுமா: பத்து வருடம் கழித்து வேண்டாம் என்று தோன்றினால் நிலம் பழையபடி கிடைக்குமா?

ஐந்தில் எனக்குக் கடைசிதான் கனமானது. பணம் போனால் சம்பாதிக்கலாம். மேல்மண்ணையும் அறுபது வருட வேலியையும் ஒருவர் ஆயுசுக்குள் திரும்பக் கொண்டுவர முடியாது.

## ஆழ்குழாய் போட்டுத் தென்னை

நம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. வருட மழை பல இடங்களில் 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகிறது. அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கில்தான் தண்ணீர் தாராளமாகத் தங்கும். நம் தாத்தாக்களின் கிணறு எட்டியது அந்த அடுக்கைத்தான். அதற்குக் கீழே ஆயிரம் அடி போனாலும் விரிசலில் இருப்பதுதான் கிடைக்கும். ரிக் வண்டி நிற்கும்போது "ரெண்டு இஞ்சுத் தண்ணி" என்று சந்தோஷப்படுவது அந்த விரிசலில் பல காலமாகச் சேர்ந்து கிடந்த நீரைப் பார்த்துத்தான். மழை அதை அதே வேகத்தில் நிரப்பாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை, 5 ஏக்கருக்கு 350. சொட்டுநீரில் சிக்கனமாக விட்டாலும் காய்க்கிற மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 80 லிட்டர் வேண்டும். ஆக, தினம் 28,000 லிட்டர். மழையில்லாத ஆறு மாதத்துக்கு 50 லட்சம் லிட்டர்.

இப்போது வரவு. 600 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர், 5 ஏக்கருக்கு 121 லட்சம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் கடினப் பாறைப் பகுதியில் கீழே இறங்கிச் சேர்வது பத்தில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 12 லட்சம்தான். மீதி 38 லட்சம் எங்கிருந்து வரும்? பக்கத்துக் காட்டின் அடியிலிருந்து வரும். அவரும் போர் போட்டால் எங்கிருந்தும் வராது.

மோட்டாருக்கு இலவச மின்சாரம் கிடைப்பதால் எவ்வளவு இறைத்தாலும் கைக்காசு கூடுதலாகப் போகாது. இறைப்பதை நிறுத்தச் சொல்லும் தடை எதுவும் பையில் இல்லை. அதனால் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் நிற்கிறோம். உலகிலேயே அதிக நிலத்தடி நீர் உறிஞ்சும் நாடு இந்தியா என்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கோடிக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகள் இருக்கின்றன. பொது நீரை ஊர்க்காரர்களே விதி வைத்துப் பங்கிட முடியும் என்று பல நாடுகளில் ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் படித்தது அரசியல் அறிவியல். நம் ஊரில் ஏழு கிணற்றுக்காரர் உட்கார்ந்து, போர் எத்தனை அடிக்கு மேல் வேண்டாம் என்று பேசி முடித்தால் அது அவர் சொன்ன வழிதான். அப்படிப் பேசி முடித்த ஊர்கள் குறைவு என்பதும் உண்மை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரை இறக்க வேண்டும், பைப் நீளும், மோட்டார் கம்பிச்சுருள் எரியும். ஆழம் கூடும்போது உப்பும் கூடுகிற இடங்கள் இருக்கின்றன. முதல் போர் வற்றினால் இரண்டாவது. அதற்குள் மரம் காய்ப்புக்கு வந்திருக்கும், விட மனசு வராது. கடன் ஏறுவது இரண்டாவது போரில்தான். தென்னையும் முன்போல் நிம்மதியான பயிர் இல்லை. சுருள் வெள்ளை ஈ 2016-ல் இந்தியாவில் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சிப் பக்கம்தான். வாடல் நோயால் அங்கே தோப்புத் தோப்பாக மரம் வெட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எப்போது இது சரி? பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் அல்லது கீழ்பவானிக் கசிவு கிடைக்கும் நிலம் என்றால் சரி. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தில் நிரம்பும் 1,045 குளம் குட்டைகளில் ஒன்று உங்கள் காட்டுக்கு மேற்புறம் இருந்தாலும் யோசிக்கலாம். குடிக்கவும் மாட்டுக்கும் தொட்டி நிரப்பவும் மட்டும் என்றால் ஒரு போர் தாங்கும். 5 ஏக்கர் தென்னை வெறும் போரை நம்பி, மேட்டுக்காட்டில், வேண்டாம்.

## பண்ணைக்குட்டையும் சொட்டுநீரும்

100-க்கு 100 அடி, 6 அடி ஆழம், சரிவு போக சுமார் 14 லட்சம் லிட்டர் பிடிக்கும். கரையோடு 30 சென்ட் போய்விடும். 5 ஏக்கரில் விழும் மழையில் பத்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே கிட்டத்தட்ட ஒரு தடவை நிரம்பும்.

இதில் நம் பகுதிக்கே உரிய எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் இங்கே காற்றாலைகளைச் சுற்றுகிறது; அதேதான் குட்டையையும் குடிக்கிறது. நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் இந்த அளவுக் குட்டையில் 5,500 லிட்டர் போகும். மூன்று மாதத்தில் 5 லட்சம். செம்மண் என்றால் கீழேயும் இறங்கும். அது நிலத்தடிக்குப் போவதால் நான் அதை நஷ்டமாக எழுத மாட்டேன், ஆனால் பாசனத்துக்குக் கிடைக்காது. தார்ப்பாய் விரித்தால் நிற்கும், அதுவும் சில வருடத்தில் வெயிலில் கிழியும்.

எனவே கையில் 8, 9 லட்சம் லிட்டர் என்று வையுங்கள். தென்னைக்கு இது காணாது. முருங்கை ஒரு ஏக்கர், மானாவாரிச் சோளம், கொள்ளு, எள், நடுவில் மழை பொய்த்தால் ஓர் உயிர்த் தண்ணீர் என்றால் போதும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் முழு மானியத்தில் கிடைக்கிறது. 5 ஏக்கருக்குள் என்றால் சிறு விவசாயிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறைமுகச் செலவு வண்டல் தூர்ப்பது, எலி கடித்த பைப் மாற்றுவது, அப்புறம் மயில். மயில் கூட்டம் இறங்கினால் விதைத்த பயறு முளைப்பதற்குள் காலி. அதனால் காலையும் மாலையும் ஆள் வேண்டும். வீட்டில் ஒருவர் ஊரோடு இருந்தால் இதைத் தயங்காமல் செய்யலாம். வார இறுதியில் மட்டும் வருகிறவர்களுக்கு இது தேறாது.

## கொறங்காடு

படித்தவர்கள் பலர் இதை ஒரு யோசனையாகவே கணக்கில் எடுப்பதில்லை. சும்மா கிடக்கிற நிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நல்ல கொறங்காட்டை வேலியில் இருந்து பார்க்க வேண்டும். சுற்றிலும் கிளுவை. மழைக்காலத்தில் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டு, கிளைகளை ஒன்றோடொன்று பின்னி விட்டால் சில வருடங்களில் ஆட்டுக்குட்டி நுழைய முடியாத உயிர்வேலி. வேலிக்குள் பிரண்டை, கோவை, ஓணான், கீரி, காடை எல்லாம் குடியிருக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல், நரிப்பயறு. அங்கங்கே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்துபோன நேரத்தில் வெள்வேலின் நெற்றுகள் விழும். அதைத் தின்றுதான் ஆடு அந்த மாதங்களைத் தாண்டும். காட்டை இரண்டு மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். வேலி சரியாக இருந்தால் மேய்ப்பவர் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, புல்லுக்குப் புது உயிர் கொடுப்பார்கள். இதற்கு ஒரு சொட்டு நிலத்தடி நீர் தேவையில்லை, மாடு குடிப்பதைத் தவிர.

மரம், புல், வேலி, கால்நடை நான்கும் சேர்ந்த இந்த அமைப்புக்கு ஒப்பான ஒன்று ஸ்பெயினில் உண்டு. தெஹெசா என்ற கருவாலி மர மேய்ச்சல் காடு அது. சூழலியலும் கால்நடை அறிவியலும் பொருளியலும் சேர்ந்து அதை ஆராய்கிறார்கள். காங்கயம் மாடும் மயிலம்பாடி, மேச்சேரி ஆடும் நம் வறண்ட மண்ணில் உருவானவை. காங்கயம் மாட்டின் உறுதிக்குப் பின்னால் இந்தக் கொறங்காட்டு மேய்ச்சல் இருக்கிறது. கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் நல்ல காளைக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்தவர்கள் இது சும்மா கிடக்கும் நிலம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் குறைகளையும் சொல்ல வேண்டும். 5 ஏக்கர் கொறங்காடு ஒரு குடும்பத்தின் முழு வருமானம் ஆகாது. இன்னொரு சம்பளம் இருக்கிற வீட்டுக்குத்தான் இது பொருந்தும். வேலி ஏற்கெனவே அழிந்திருந்தால் கிளுவை பிடிக்கும்வரை சில வருடம் பொறுக்க வேண்டும். அவசரத்துக்குக் கம்பிவேலி போட்டால் செலவு. கவனிக்காமல் விட்ட காட்டில் சீமைக்கருவேலம் புகுந்துவிடும், அதை வேரோடு எடுப்பதற்கு ஒரு நல்ல தொகை ஆகும்.

இப்போது பெரிய கவலை தெருநாய். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறும் நாய்க் கூட்டங்களால், செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியிருக்கிறார்கள். ஒரே இரவில் பட்டி காலியாகும். நாய்க்கு உள்ளாட்சி, இழப்பீட்டுக்கு வருவாய்த்துறை, சிகிச்சைக்குக் கால்நடைத்துறை என்று கேள்வி பிரிந்து போகிறது; அந்தப் பிரிவில் ஆட்டுக்காரர் தனியாக நிற்கிறார். இரவுக்கு உயரமான பட்டியும் ஒரு காவலும் இல்லாமல் ஆடு வாங்காதீர்கள்.

ஊரில் இல்லாதவர்கள் மேய்ச்சலுக்குக் குத்தகை விடலாம். தொகை சிறிது. ஆனால் நிலம் கெடாது, வேலி உயிரோடு இருக்கும், பிள்ளைகள் நாளைக்கு வேறு எதையும் செய்யலாம்.

## சோலார் குத்தகை

வெயிலும் காற்றும் அதிகம், துணை மின்நிலையங்களும் உண்டு. அதனால் நம் பக்கம் நிலம் கேட்டு வருகிறார்கள். ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் ஆகும். எனவே உங்கள் 5 ஏக்கர் தனியாக யாருக்கும் பெரிதில்லை. பக்கத்துக் காடுகளோடு சேர்ந்தால்தான் கம்பெனிக்கு வேலை. 2019-ல் தொடங்கிய பிஎம்-குசும் என்ற மத்திய அரசுத் திட்டம், விவசாயியே அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரை வைக்க வழி செய்தது, ஆனால் முதலீடு கோடிக்கணக்கில்.

குத்தகைப் பணம் வருடம் தவறாமல் வரும், ஆள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நிலக்கரியில் எரியும் மின்சாரத்துக்குப் பதிலாக வெயிலில் வருவது உலகத்துக்கு நல்லது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கேள்வி எந்த நிலத்தில் என்பதுதான். பாறை தெரிகிற கரட்டு நிலத்தில் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கொறங்காட்டைச் சமன்படுத்தி, கிளுவையைப் பிடுங்கி, வெள்வேலை வெட்டி வைத்தால், மழைநீர் ஓடும் போக்கே மாறும். கீழ்ப்பக்கத்துக் குட்டைக்கு வரும் வாரி (மழைநீர் ஓடி வரும் வழி) அடைபடும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருடத்தை ஒட்டி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியவை: வருடத்துக்கு எவ்வளவு ஏற்றம், கம்பெனி கைமாறினால் உங்கள் நிலை, உங்கள் நிலத்தை வைத்து அவர்கள் கடன் வாங்கலாமா, முடிவில் தகட்டையும் காங்கிரீட்டையும் யார் செலவில் அகற்றுவது, நிலத்தின் வகைப்பாடு மாறினால் கூட்டுறவுப் பயிர்க்கடனும் மானியமும் என்ன ஆகும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். புரோக்கரின் வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் வாங்காதீர்கள். ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம் இங்கே வீண் போகாது.

## ஒரு பார்வையில்

| | போர், தென்னை | குட்டை, சொட்டுநீர் | கொறங்காடு | சோலார் குத்தகை |
|---|---|---|---|---|
| தண்ணீர் | வரவை விடச் செலவு அதிகம் | மழை அளவுக்குள் | தேவை மிகக் குறைவு | தகடு கழுவ மட்டும். ஓடுநீர்ப் போக்கு மாறலாம் |
| மூன்றாம் வருடச் செலவு | மோட்டார், இரண்டாம் போர் | தூர்வாருதல், பைப் | வேலி, நாய்க்குக் காவல் | உங்களுக்கு இல்லை |
| தினசரி ஆள் | வேண்டும் | கட்டாயம் வேண்டும் | கொஞ்சம் | வேண்டாம் |
| அக்கம்பக்கம் | பக்கத்துக் கிணறு வற்றும் | கிணறு ஊறும் | பறவை, மாடு, வேலி பிழைக்கும் | இட்டேரி, மேய்ச்சல் போகும் |
| திரும்ப முடியுமா | வற்றிய பின் கடினம் | முடியும் | எப்போதும் முடியும் | 25 வருடம் கழித்து, ஒப்பந்தத்தைப் பொறுத்து |

## என் பரிந்துரை

5 ஏக்கருக்கும் ஒரே பதில் தேட வேண்டாம். காடு சரிந்து வரும் மூலையில் ஒரு குட்டை, அதை ஒட்டி ஒரு ஏக்கர் முருங்கையோ காய்கறியோ, மீதி மூன்றரை ஏக்கர் கொறங்காடு. குட்டை ஊறினால் பழைய கிணற்றிலும் கொஞ்சம் தண்ணீர் தெரிய வாய்ப்புண்டு. ஊரில் ஆள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் இல்லாவிட்டால் முழுவதும் கொறங்காடு, மேய்ச்சல் குத்தகை. நிலத்தில் ஏற்கெனவே வேலியும் இல்லை, மண்ணும் இல்லை, கரடு மட்டும்தான் என்றால் சோலார்காரரிடம் உட்கார்ந்து பேசலாம்.

முடிவுக்கு முன் செய்ய வேண்டியவை சில. உங்கள் பிர்கா (வருவாய் உள்வட்டம்) நிலத்தடி நீர் மதிப்பீட்டில் எந்த வகையில் இருக்கிறது, அதிகம் உறிஞ்சப்பட்டதா இல்லையா என்று பாருங்கள். போர் போட்டே ஆக வேண்டும் என்றால், தேங்காய் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், வேளாண் பொறியியல் துறையின் மின்தடை முறை ஆய்வுக்கும் கட்டணம் கட்டுங்கள். பக்கத்துக் காட்டில் கடைசியாக எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இப்போது எவ்வளவு ஓடுகிறது என்று அவரிடமே கேளுங்கள். ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தப் புல் இருக்கிறது, எது போய்விட்டது என்று அவர் நடந்துகொண்டே சொல்லிவிடுவார். கணக்குத் தெரிந்தவரை மூன்றாம் வருடச் செலவு எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் இவர்கள் எல்லாரையும் ஒரே நாளில், ஒரே காட்டில் நிறுத்துங்கள். தனித்தனியாகக் கேட்டால் நான்கு பதில் வரும். சேர்ந்து நின்றால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் அங்கேயே திருத்துவார்.

பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளோடு பேசிப் பாகம் பிரித்துக்கொள்ளுங்கள். குட்டை யார் பங்கில் வருகிறது, குட்டைக்கு வரும் வாரி யார் பங்கு வழியாக வருகிறது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.